தோட்டத்துப் பறவைப் படம் எங்கே கெடுகிறது? குறையை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

பறவைப் படம் சரியாக வரவில்லை என்றதும் 'எந்த லென்ஸ் வாங்கலாம்?' என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. வாங்குவதற்கு முன்னால், கெட்டுப்போன படத்தை அழிக்காமல் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். என்ன கோளாறு என்று அந்தப் படமே காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுத் தோட்டத்தைப் பொறுத்தவரை கோளாறு பெரும்பாலும் கேமராவில் இருப்பதில்லை. நாம் உட்கார்ந்த இடம், வெயில் விழுந்த பக்கம், எடுத்த நேரம் இவற்றில்தான் இருக்கும். காசு செலவில்லாமல் சரிசெய்யக்கூடியவை இவை.

இங்கே சொல்வதெல்லாம் வடசென்னை வீடுகளை மனதில் வைத்துச் சொல்வது. கொளத்தூர், மாதவரம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலு மரம் வைக்க இடம் இருக்கும். ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை என்றால் மொட்டை மாடித் தொட்டிகளும் பக்கத்துச் சந்தும்தான் தோட்டம். அதுவே போதும். ஒரு முருங்கையும் ஒரு இட்லிப்பூச் செடியும் இருந்தால் தேன்சிட்டு தேடி வரும். கறிவேப்பிலையில் பழம் கறுத்தால் குயிலும் கொண்டைக்குருவியும் வரும். கேமரா என்றால் 55-250 அல்லது 70-300 மி.மீ. லென்ஸ் போட்ட சாதாரண கேமரா, இல்லை லென்ஸ் மாற்ற முடியாத நீண்ட ஜூம் கேமரா என்று வைத்துக்கொள்கிறேன்.

"படம் மங்கலாக வருகிறது"

அதிகம் பேர் சொல்லும் குறை இதுதான். ஆனால் மங்கல் ஒரு வகையல்ல. படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, பறவையை விட்டுவிட்டு முதலில் அது உட்கார்ந்திருக்கும் கிளையைப் பாருங்கள்.

கிளை, இலை, பறவை எல்லாமே ஒரே திசையில் இழுத்துவிட்ட மாதிரி இருந்தால் கை ஆடியிருக்கிறது. 250 மி.மீ. நீளத்தில் கையில் பிடித்து எடுக்கிறீர்கள் என்றால் ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம், நொடியில்) 1/500க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். அதைவிட நல்ல வழி, ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் போட்டு வாயைத் தைத்து மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, அதன்மேல் லென்ஸை அழுத்தி உட்கார வைப்பது. முக்காலியை விரித்து நிறுத்த இடமில்லாத பால்கனியிலும் ஜன்னல் திட்டிலும் இந்த அரிசிப் பை அருமையாக வேலை செய்யும். மழைக்காலத்தில் மட்டும் அரிசியில் வண்டு வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளை கூர்மையாக இருக்கிறது, பறவையின் கால்கூடத் தெளிவாக இருக்கிறது, தலை மட்டும் குழம்பியிருக்கிறது என்றால் பறவை அசைந்திருக்கிறது. தையல்சிட்டு ஓரிடத்தில் சும்மா இருக்காது. வால் ஆடும், தலை திரும்பும், அடுத்த நொடி வேறு இலைக்கடியில் இருக்கும். அதற்கு 1/1000 வேண்டும். பூவின் முன்னால் சிறகடித்து நிற்கும் தேன்சிட்டின் சிறகு நிற்க வேண்டுமென்றால் 1/2000க்கு மேலே போக வேண்டும். கொண்டைக்குருவி, மைனா, தவிட்டுக்குருவி உட்கார்ந்திருக்கும்போது 1/500 போதும். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று இறங்கிவிட்டால் முருங்கைக் கிளை ஆட ஆரம்பித்துவிடும். கடலை ஒட்டிய ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இது கொளத்தூரைவிட முன்னதாகவே தொடங்கும். காலையில் காற்று அடங்கியிருக்கும்போது எடுங்கள்.

பறவை மங்கலாக இருக்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் இலையோ முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியோ துல்லியமாக இருக்கிறது என்றால் ஃபோகஸ் தவறிவிட்டது. 300 மி.மீ. லென்ஸில், எஃப் 5.6ல் (லென்ஸ் துளையின் அளவு), நாலு மீட்டர் தூரத்தில் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே சுமார் நாலு சென்டிமீட்டர்தான். கேமரா தோள் இறகைப் பிடித்துக்கொண்டால் கண் போய்விடும். கேமரா தானாக இடம் தேடும்படி விடாமல், நடுவில் இருக்கும் ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து அதைக் கண்ணில் வையுங்கள். புதிய மிரர்லெஸ் கேமராக்களில் விலங்கு, பறவைக் கண்ணைத் தானே பிடிக்கும் வசதி இருக்கும். அடர்ந்த இலைக்குள் அதுவும் சில நேரம் ஏமாறும் என்பதால் ஒற்றைப் புள்ளியைப் பழகிக்கொள்வது நல்லது.

மூன்றும் இல்லை, ஓரங்கள் எல்லாம் தண்ணீருக்கடியில் பார்ப்பது மாதிரி நெளிந்திருக்கின்றன என்றால் அது அனல். வெயிலில் காய்ந்த மொட்டை மாடித் தளத்துக்கு மேலேயும், பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேலேயும் எழும் சூடான காற்று ஒளியை வளைத்துவிடும். எந்த செட்டிங்கும் இதற்கு உதவாது. மே மாதம் ஒன்பது மணிக்கு மேல், கூரையைத் தாண்டி எதிர்வீட்டு மரத்தில் இருக்கும் பச்சைக்கிளியை எடுத்தால் எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸாக இருந்தாலும் இப்படித்தான் வரும். காலையில் சீக்கிரம் எழுந்திருப்பதும், கிட்டத்தில் வரும் பறவையை மட்டும் எடுப்பதும்தான் மருந்து. மே கடைசியில் சென்னையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகிறது, அதனால் முதல் இரண்டு மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

"வெண்புகை போர்த்திய மாதிரி இருக்கிறது"

ஃபோகஸ் சரியாக இருக்கிறது, ஆனால் கறுப்பு கறுப்பாக இல்லை, எல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. இதற்கு முதல் சந்தேகம் கொசுவலை. ஜன்னல் கொசுவலை வழியாக எடுத்தால் ஃபோகஸ் பறவையில்தான் விழும், வலையின் கம்பி படத்தில் தெரியாது, ஆனால் வலை சிதறடிக்கும் வெளிச்சம் முழுக்க லென்ஸில் இறங்கிவிடும். வலையைத் திறந்துவிட்டு எடுங்கள். கண்ணாடிக் கதவைத் திறக்க முடியாது என்றால் உள்ளறை விளக்கை அணைத்து, கண்ணாடியைத் துடைத்து, லென்ஸின் வாயைக் கண்ணாடியோடு ஒட்டிச் செங்குத்தாக வையுங்கள். சாய்வாக வைத்தால் உருவம் இரட்டிக்கும்.

இரண்டாவது, ஏசி. இரவெல்லாம் ஏசி ஓடிய அறையிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு விடியற்காலை மாடிக்குப் போனால், ஈரக்காற்று பட்டதும் லென்ஸ் முகத்தில் பனி படர்ந்துவிடும். சட்டை நுனியால் துடைத்தால் மறுபடியும் படரும். கேமராப் பையை இரவே ஏசி இல்லாத கூடத்தில் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால், மூடிய பையோடு வெளியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் திறங்கள்.

மூன்றாவது, உப்பு. காசிமேடு, ராயபுரம், எண்ணூர் மாதிரி கடலோரத்தில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தால் முன் கண்ணாடியில் மெல்லிய படலம் ஏறிவிடும். துறைமுகத் தூசியும் லாரித் தூசியும் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். ஊதுகுழாயால் தூசியை ஊதித் தள்ளிய பிறகுதான் துணி படவேண்டும். தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் கண்ணாடியின் பூச்சில் கீறல் விழும். லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் பீரோவுக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைத்த லென்ஸில் இது வந்தே தீரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு வைப்பது மலிவான காப்பு. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் லேசாக வறுத்து உலர்த்தி மறுபடி போடலாம், ஆனால் அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

போகியன்று காலையில் மங்கலாக வந்தால் காரணம் தேட வேண்டாம். அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

"பறவை கரிக்கட்டை மாதிரி தெரிகிறது"

பின்னால் வெளுத்த வானம், முன்னால் கறுத்த பறவை. மாடியில் நின்று மேலே பார்த்து எடுத்தால் இதுதான் கிடைக்கும். காட்சி முழுவதையும் சராசரி சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர கேமரா முயற்சி செய்கிறது. வானம் பெரிதாக இருப்பதால் அதை மட்டுப்படுத்திவிடுகிறது, பறவை இருளில் போய்விடுகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் செட்டிங்கை, ஒன்றரை அல்லது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) கூட்டுங்கள். வானம் வெளுத்துப் போகட்டும், கவலையில்லை. ஆனால் கூட்டிக் குறைத்து ஒப்பேற்றுவதைவிட இடம் மாறுவது மேல். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இதற்கு உங்கள் வீட்டில் வெயில் எப்படி நகர்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது மாதத்துக்கு மாதம் மாறும். டிசம்பரில் உச்சிப்பொழுதில்கூட சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். வீட்டுக்கு வடபுறச் சந்தில் அந்த மாதம் நேர் வெயிலே விழாது. ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், அதே சந்தில் வெயில் இறங்கும். நடுவில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் நண்பகலில் நம் தலைக்கு நேர் மேலே வரும். அப்போது எடுத்தால் பறவையின் முதுகு வெளுத்து, வயிறும் கண்ணும் இருண்டுதான் இருக்கும். தண்ணீர்த் தட்டையும் உட்காரும் குச்சியையும் ஒரே இடத்தில் வருடம் முழுக்க வைக்காமல் வெயிலுக்குத் தக்கபடி இடம் மாற்றுங்கள்.

இலைகளுக்கு நடுவே, பின்னால் இருட்டாக இருக்கும்போது எடுத்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். கேமரா எல்லாவற்றையும் வெளிச்சமாக்கப் பார்க்கும். குண்டுக்கரிச்சானின் வெள்ளை வயிறு சுண்ணாம்புத் திட்டாகிவிடும். அங்கே முக்கால் ஸ்டாப் குறைக்க வேண்டும். கறுப்பும் வெள்ளையும் ஒரே உடம்பில் உள்ள இந்தப் பறவைக்கு மெல்லிய மேகம் மூடிய நாள்தான் சரி. கடும் வெயிலில் இரண்டையும் காப்பாற்ற முடியாது. ரா (RAW) வடிவில், அதாவது கேமரா பதப்படுத்தாமல் பதிவுசெய்தபடியே, எடுத்துவைத்தால் பிறகு கொஞ்சம் மீட்கலாம்.

ஊதாத் தேன்சிட்டு மட்டும் தனிக் கதை. பளபளவென்று நீலமும் ஊதாவுமாக மின்ன வேண்டிய ஆண், படத்தில் வெறும் கறுப்பாக வந்திருக்கும். இதைப் பார்த்துவிட்டு செட்டிங்கை நோண்ட வேண்டாம், எக்ஸ்போஷரில் தவறே இல்லாமல் இருக்கலாம். அந்த மினுக்கம் சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் பட்டு ஒளி குறிப்பிட்ட கோணத்தில் திரும்புவதால் வருவது. கோணம் தப்பினால் கறுப்புதான். வெயில் உங்கள் பின்னாலிருந்து அதன்மேல் விழ வேண்டும், அது தலையைத் திருப்பும் கணம் வரைக்கும் விடாமல் வரிசையாக எடுக்க வேண்டும். பத்துப் படத்தில் ஒன்றில் கழுத்து பற்றி எரிவது மாதிரி வரும். தேன்சிட்டு சுற்றிச் சுற்றி அதே பூக்களுக்குத் திரும்பி வரும் பழக்கம் உள்ளது என்பதால் பறவையைத் துரத்தாதீர்கள். வெயில் நன்றாக விழும் ஒரு இட்லிப்பூக் கொத்தைப் பார்த்து முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் நிறம் மாறி, மஞ்சள் வயிற்றில் நடுவே ஒரு கரிய கோடு மட்டும் மிஞ்சும். அதைப் பார்த்து வேறு பறவை என்று நினைத்துவிட வேண்டாம்.

"பறவை புள்ளி அளவுதான் இருக்கிறது"

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய சென்சார் உள்ள சாதாரண கேமராவில் 250 மி.மீ. லென்ஸ். தையல்சிட்டு சுமார் 13 சென்டிமீட்டர். எட்டு மீட்டர் தூரத்தில் அது படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. நாலு மீட்டருக்கு வந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரம்பிவிடும். 500 மி.மீ. லென்ஸ் வாங்கினால் கிடைக்கும் பலன், பறவை நாலு மீட்டர் கிட்ட வந்தாலே கிடைத்துவிடுகிறது. அதைக் கிட்ட வரவைப்பதுதான் தோட்டத்தில் எடுப்பவருக்கு உள்ள பெரிய வசதி.

அதற்குத் தண்ணீரைவிடச் சிறந்த வழி இல்லை. தானியத்துக்குப் புறாவும் காக்கையும்தான் வரும். தேன்சிட்டு, தையல்சிட்டு, கொண்டைக்குருவி எல்லாம் தானியத்தைத் திரும்பிப் பார்க்காது, ஆனால் தண்ணீருக்கு வரும். அகலமான மண் தட்டு, நடுவில் மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் வேண்டாம், கால் ஊன்ற ஒரு கூழாங்கல். கொசு முட்டை வைக்கும் என்பதால் தினமும் கொட்டிவிட்டு, தட்டைத் தேங்காய் நாரால் தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். தட்டுக்கு ஒரு முழ உயரத்தில் காய்ந்த முருங்கைக் குச்சி ஒன்றைத் தொட்டியில் நட்டுவையுங்கள். பறவை நேராகத் தண்ணீரில் இறங்காது. முதலில் உயரத்தில் உட்கார்ந்து நாலுபக்கமும் பார்க்கும். உங்கள் படம் அந்தக் குச்சியில்தான் இருக்கிறது.

காக்கை மட்டும்தான் வருகிறது என்றால் சோறு எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். அமாவாசைக்கும் தினப்படிக்கும் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதை மாடியின் மறுகோடியில், வழக்கமான நேரத்தில் வைத்துவிடுங்கள். சின்னப் பறவைகள் அந்த நேரம் போனபின் இந்தப் பக்கம் வரும். பூனை பதுங்கும் செடிக்கு ஒட்டித் தட்டை வைக்காமல் இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

நாமும் அசையாமல் இருக்க வேண்டும். பறவை பயப்படுவது உருவத்தைவிட திடீர் அசைவுக்குத்தான். துணி காயப்போடும் கொடியில் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் உட்காரலாம். போர்வை தினமும் அங்கேயே கிடந்தால் பறவைக்குப் பழகிவிடும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நெருக்கி நெருக்கி வீடுள்ள தெருவில், நீளமான லென்ஸை எதிர்மாடிப் பக்கம் திருப்பினால் "என்ன தம்பி, இங்கயே பாத்துட்டிருக்க?" என்று கேட்கத்தான் செய்வார்கள். கேட்பது நியாயம். முதல் நாளே போய், "அக்கா, உங்க வேப்பமரத்துல குக்குறுவான் வருது, அதை எடுக்கறேன்" என்று சொல்லி ஒரு படத்தையும் காட்டிவிடுங்கள். அப்புறம் அவர்களே "இன்னிக்கு வந்துச்சு" என்று கூப்பிட்டுச் சொல்வார்கள்.

"ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, பிடிக்கவே மாட்டேன் என்கிறது"

பறவை அளவுக்கு மீறிக் கிட்ட வந்திருக்கலாம். ஒவ்வொரு லென்ஸுக்கும் இதற்குக் கீழே முடியாது என்று ஒரு தூரம் உண்டு. நீண்ட ஜூம் கேமராக்களில் முழு ஜூம் போட்டால் அது பல மீட்டர் ஆகும். ஜூமைக் கொஞ்சம் குறைத்தால் உடனே பிடித்துக்கொள்ளும். அதுவும் இல்லையென்றால் வெளிச்சம் போதாது. இலை நிழலில் மாலை ஆறு மணிக்கு எந்தக் கேமராவும் தடுமாறும்.

"மணல் தூவிய மாதிரி இருக்கிறது"

ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனின் அளவு) கூடிவிட்டது என்று உடனே அதைக் குறைக்காதீர்கள். இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு மென்பொருளில் வெளிச்சம் கூட்டினால் மணல் இன்னும் மோசமாகும். எடுக்கும்போதே போதுமான வெளிச்சம் வரும்படி 1600 அல்லது 3200 வையுங்கள். மணல் இருந்தாலும் கூர்மையான படம், மழமழப்பாக மங்கிய படத்தைவிட நல்லது.

"பறவை நன்றாக இருக்கிறது, பின்னணி குப்பையாக இருக்கிறது"

கேபிள் வயர், கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, காயும் லுங்கி. இவற்றை நகர்த்த முடியாது, நீங்கள் நகரலாம். ஒரு அடி இடதுபுறம் நகர்ந்தாலோ குந்தி உட்கார்ந்தாலோ பின்னணி முழுக்க மாறிவிடும். பறவைக்கும் பின்னணிக்கும் இடைவெளி கூடக் கூட பின்னணி கரைந்து ஒரே நிறமாகும். குச்சியைச் சுவருக்கு ஒட்டி நடாமல், பின்னால் நாலைந்து மீட்டர் வெற்றிடம் இருக்கும்படி நடுங்கள். பக்கத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் பறவையின் வயிற்றில் நீலச்சாயல் அடிக்கும். ஒயிட் பேலன்ஸை (படத்தின் மொத்த நிறச்சாயலைத் திருத்தும் செட்டிங்கை) மாற்றினால் மற்ற நிறங்கள் கெடும், எனவே அங்கேயும் இடம் மாறுவதுதான் வழி.

பின்னணியில் மெல்லிய கோடு ஒன்று பளபளத்தால் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அது கிளையில் சிக்கிய மாஞ்சா நூல். சென்னையில் மாஞ்சாவுக்குத் தடை இருந்தும் நம் பகுதி மரங்களில் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணாடித் தூள் பூசிய அந்த நூலில் சிறகு மாட்டினால் பறவை திமிறத் திமிற அறுத்துக்கொண்டே போகும். படத்திலிருந்து மென்பொருளில் அழிப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். துரட்டியால் மரத்திலிருந்தும் எடுத்து, துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

"பறவை பறக்காமல் அப்படியே இருக்கிறது"

நல்ல வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் காட்டுப் பறவை இரண்டடி தூரத்தில் நம்மைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்றால் அதற்கு ஏதோ ஆகியிருக்கிறது.

கூட்டில் இருந்தால் அது அடைகாக்கிறது. தேன்சிட்டு வீட்டு வராண்டாக் கொடியில்கூடக் கூட்டைத் தொங்கவிடும். இலை விலக்கியோ கிளை வளைத்தோ எடுத்தால் காக்கைக்கு வழிகாட்டியதாகும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முட்டையையும் கூட்டையும் கலைப்பது வேட்டையாடுதல் என்ற வரையறைக்குள்ளேயே வருகிறது. கேமராவை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். குஞ்சு பொரித்துப் பறந்த பிறகு தாயும் குஞ்சும் தண்ணீருக்கு வரும்.

தரையில் குட்டை வாலோடு தத்தும் குஞ்சு என்றால் பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனையைத் துரத்திவிட்டு விலகி நில்லுங்கள்.

அக்டோபர் வாக்கில், பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் கண்ணில் கரிய பட்டையுமாக, வாலே இல்லாத மாதிரி ஒரு பறவை சந்திலோ வராண்டாவிலோ மயங்கி உட்கார்ந்திருந்தால் அது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரவில் பறந்து போகும் வழியில் களைத்து இறங்கியது. சென்னை வீடுகளில் இப்படி இறங்குவது வழக்கம். சுற்றி நின்று ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். மெல்லிய துணியால் மூடி எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் அடியில் துணி விரித்து வைத்து, மூடி, சத்தமில்லாத இருட்டறையில் விட்டுவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ரத்தமோ தொங்கும் சிறகோ இருந்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். காயம் இல்லை என்றால், பொழுது சாயும்போது பெட்டியைத் தோட்டத்தில் செடி மறைவான இடத்தில் வைத்து மூடியைத் திறந்து, பத்தடி தள்ளிப் போய்விடுங்கள். தெளிந்திருந்தால் தானே வெளியே வந்து இலைச்சருகைக் கிளறும். அரிசிப் பையில் லென்ஸை வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், ஐஎஸ்ஓ 3200ல் அப்போது எடுத்துக்கொள்ளலாம்.